டெங்குக் காய்ச்சலில் குறைந்த வெள்ளையணுக்கள் எங்கே போயின?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் காய்ச்சல் வந்து, இரண்டாம் நாளே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்று தெரிந்தது. நான்காம் நாள் சோதனையில் வெள்ளையணு 2,600, நியூட்ரோபில் 38 சதவீதம், தட்டணு (பிளேட்லெட்) 98,000. அரசு மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல், ஒரு நாள் மட்டும் டிரிப்ஸ். ஆன்டிபயாடிக் கேட்டேன், தேவையில்லை என்றார்கள். வெள்ளையணு ஏறுவதற்கு ஊசி கேட்டேன், அதுவும் வேண்டாம் என்றார்கள். இப்போது பையன் நன்றாக இருக்கிறான். இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் வெள்ளையணு 6,400. ஆனால் லிம்ஃபோசைட் 50 சதவீதம் என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே 'ரியாக்டிவ் லிம்ஃபோசைட் காணப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளையணு குறைவது ரத்தப் புற்றுநோயின் ஆரம்பம் என்கிறார் என் நாத்தனார். பையனுக்கு எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது, பவுடரும் டானிக்கும் வாங்கிக் கொடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். வெள்ளையணு உண்மையில் என்னதான் செய்கிறது? ஏன் குறைந்தது? மறுபடி டெங்கு வந்தால் இவன் தாங்குவானா?
- ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்:

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை. காய்ச்சலின் நான்காம் நாள் 2,600க்கு இறங்கி, இரண்டு வாரத்தில் 6,400க்கு ஏறுவது டெங்கு ஒழுங்காகக் குணமாகும்போது நாங்கள் பார்க்கும் போக்கு. உங்கள் ஊர் மருத்துவமனையில் செய்த வைத்தியமும் முறையானது. செய்யாமல் விட்டதும் முறையானதுதான். அந்த ஊசிகளைப் போடாமல் விட்டதற்காக அந்த மருத்துவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்லலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ரத்தத்தில் சிவப்பணுக்களோடு ஒப்பிட்டால் வெள்ளையணுக்கள் மிகவும் கொஞ்சம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு துளியிலும் மிகச் சிறிய அளவில், சிவப்பணுக்கள் ஏறக்குறைய 40 முதல் 55 லட்சம் வரை இருக்கும். வெள்ளையணுக்கள் பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 4,500 முதல் 13,500 வரை இருந்தாலும் சரிதான்.

வெள்ளையணுக்களைப் படைவீரர்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்தப் பெயரில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தாளில் எண் குறைந்ததும் கோட்டை விழுந்துவிட்டது போலப் பதறுகிறார்கள். வெள்ளையணுக்களின் வேலை பெரும்பாலும் ரத்தத்துக்கு வெளியே நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தோலுக்கு அடியில், நுரையீரலில், குடல் சுவரில், மண்ணீரலில், கழுத்திலும் அக்குளிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில்தான் அவை வேலை பார்க்கின்றன. ரத்தம் அவை போய் வரும் பாதை. லிம்ஃபோசைட்களை மட்டும் எடுத்துக்கொண்டால், உடம்பில் உள்ள மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு அளவுக்குத்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கும். பேருந்து நிலையத்தில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு மாவட்டத்தில் எத்தனை பேருந்து இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ரத்தச் சோதனையில் வரும் டோட்டல் கவுண்ட் அப்படி எட்டிப் பார்த்த ஒரு நிமிடக் கணக்குதான்.

அந்தக் கணக்கும் சும்மா சும்மா மாறும். நியூட்ரோபில் என்ற வகையில் பாதி அணுக்கள் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும், மறுபாதி ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை ஊசியைப் பார்த்துக் கதறி அழுதால், ஓடியாடிவிட்டு வந்து உட்கார்ந்தால், ஒட்டியிருப்பவை கழன்று ஓட்டத்தில் சேர்ந்து எண்ணிக்கை கூடிவிடும். ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் இதே போலக் கூடும். சில இடங்களில் காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு போட்டுவிட்டு, 'பாருங்கள், கவுண்ட் ஏறிவிட்டது' என்று காட்டுகிறார்கள். தாளில் எண் ஏறியது உண்மை. டெங்குவில் அதனால் பிள்ளைக்குக் கிடைத்த நன்மை ஒன்றும் இல்லை.

எண் வேறு, வேலை வேறு என்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி ஒன்று உண்டு. பிறவியிலேயே வரும் மிக அரிதான ஒரு நோயில், வெள்ளையணுவுக்கு ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்காது. சுவரைப் பிடிக்க முடியாததால் வெளியே போக முடியாது. ரத்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைகளின் கவுண்ட் முப்பதாயிரத்தைக்கூடத் தாண்டும். ஆனால் தொப்புள் கொடி வாரக்கணக்கில் விழாது, புண் ஆறாது, புண்ணில் சீழ்கூடப் பிடிக்காது, ஒரு தொற்று முடிவதற்குள் அடுத்தது வரும். ரத்தப் புற்றுநோயிலும் சிலருக்குக் கவுண்ட் லட்சத்தைத் தாண்டுகிறது. அவர்கள்தான் சாதாரணக் கிருமிக்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறவர்கள்.

சரி, இந்த அணுக்கள் என்ன செய்கின்றன என்ற உங்கள் கேள்விக்கு வருவோம். ஐந்து வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவில் விளக்கப் போவதில்லை. உங்கள் பையனின் தாளைப் படிக்கத் தேவையானதைச் சொல்கிறேன்.

நியூட்ரோபில்தான் பெரியவர்களின் ரத்தத்தில் அதிகம் இருப்பது. எலும்பு மஜ்ஜை நாள் ஒன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்கி அனுப்புகிறது. ரத்தத்தில் அவை சில மணி நேரமே இருக்கும். உங்கள் பையன் காலில் முள் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்திலிருந்து கசியும் ரசாயனங்களை உணர்ந்து, பக்கத்து ரத்தக்குழாயில் போகிற நியூட்ரோபில் சுவரில் உருண்டு, பிறகு ஒட்டி, சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியேறும். கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கி, தனக்குள் இருக்கும் நொதிகளால் அழித்துவிட்டுத் தானும் செத்துப்போகும். புண்ணிலிருந்து வரும் சீழில் நிறைய இருப்பது இப்படிச் செத்த நியூட்ரோபில்கள். சளி பச்சையாக வருவதும் இவற்றில் உள்ள ஒரு பச்சை நிற நொதியால்தான். பச்சைச் சளி என்றாலே ஆன்டிபயாடிக் என்று ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அணுக்கள் கிருமியைத் தேடிப்போய் விழுங்குகின்றன என்று முதலில் ஊகித்துச் சொன்னவர் இலியா மெச்னிகாவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882இல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அந்தக் குஞ்சுக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஆனாலும் அணுக்கள் வந்து சேர்ந்திருந்தன. இந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிக்காக 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். ரத்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றி வகை பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் எர்லிக். உங்கள் கையில் இருக்கும் தாளில் நியூட்ரோபில், லிம்ஃபோசைட் என்று தனித்தனியாக எண் வருவதற்குத் தொடக்கம் அவருடைய சாயங்கள்தான்.

மோனோசைட் கொஞ்சம் பெரிய அணு. ரத்தத்தை விட்டு வெளியே போய், உறுப்புகளில் தங்கி, மேக்ரோஃபேஜாக மாறும். கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கித் துப்புரவு செய்யும். விழுங்கிய கிருமியின் துண்டை எடுத்து லிம்ஃபோசைட்டுக்குக் காட்டும் வேலையும் இதற்கு உண்டு. ஈஸ்னோபில் புழுக்கிருமிகளை எதிர்ப்பது, ஒவ்வாமையில் கூடுவது. நம் ஊரில் இரவில் வறட்டு இருமல் வந்தாலே ஈஸ்னோபீலியா என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், காசநோய் போலவே தெரிந்து ஆனால் ஈஸ்னோபில் மிக அதிகமாக இருந்த ஒரு நோயை 1940இல் விவரித்து எழுதினார்கள். அது யானைக்கால் புழுவுக்கு உடம்பு மிகையாகக் காட்டும் எதிர்வினை என்பது பின்னாளில் தெரிந்தது. பேசோபில் மிகவும் கொஞ்சம், தாளில் 0 அல்லது 1 என்று வரும். அதை விட்டுவிடலாம்.

லிம்ஃபோசைட்தான் நினைவு வைத்துக்கொள்ளும் அணு. ஒரு வகை லிம்ஃபோசைட் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும். இன்னொரு வகை, வைரஸ் புகுந்த நம் செல்களையே கண்டுபிடித்துக் கொல்லும். வைரஸ் ஒரு முறை செல்லுக்குள் போய்விட்டால் நியூட்ரோபிலால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, இவைதான் வரவேண்டும். முதல் முறை ஒரு கிருமியைப் பார்க்கும்போது பொருத்தமான லிம்ஃபோசைட் பெருகச் சில நாள் ஆகும். அது பெருகுமிடம் நிணநீர்க் கணு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கத்தால் வரும் வீக்கம். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை அழிந்து, கொஞ்சம் மட்டும் நினைவு அணுக்களாகத் தங்கிவிடும். அந்த நினைவு எவ்வளவு காலம் இருக்கும்? வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை பரவியது. பிறகு 65 வருடம் அங்கே தட்டம்மையே இல்லை. 1846இல் மறுபடி வந்து தீவில் பெரும்பாலானவர்களைத் தாக்கியபோது, சிறு வயதில் அதைக் கண்டிருந்த முதியவர்கள் ஒருவருக்கும் அது இரண்டாம் முறை வரவில்லை என்று அங்கே போய் விசாரித்த பானும் என்ற டேனிஷ் மருத்துவர் எழுதி வைத்தார்.

இனி உங்கள் பையனுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். டெங்கு வைரஸ் குடியேறிப் பெருகுமிடமே மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளையணுக்கள்தான். அதோடு, காய்ச்சலின் முதல் சில நாட்களில் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தி தற்காலிகமாக மந்தமாகிவிடும். நியூட்ரோபில் ரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? வரத்து குறைந்தால் எண்ணிக்கை உடனே இறங்கித்தான் ஆகும். சிவப்பணு நான்கு மாதம் இருப்பதால் அதில் இந்த மந்தம் தெரிவதில்லை. டெங்குவில் பெரும்பாலும் முதலில் வெள்ளையணு இறங்கும், அடுத்துத் தட்டணு இறங்கும். காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு நாளில் முதலில் ஏறத் தொடங்குவதும் வெள்ளையணுதான். வார்டில் சுற்றி வரும்போது வெள்ளையணு ஏறியிருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. மஜ்ஜை விழித்துக்கொண்டது, தட்டணுவும் பின்னால் வந்துவிடும்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், டெங்கு வைரஸை ஒன்றும் செய்யாது. வெள்ளையணுவை ஏற்றும் ஊசி இருப்பது உண்மை. கீமோதெரபி எடுக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, அங்கே மஜ்ஜை பல நாள் அடங்கிக் கிடக்கும். டெங்குவில் இரண்டு மூன்று நாளில் மஜ்ஜை தானே எழுந்துவிடுவதால் அது வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையணு குறைவாக இருந்தால் வைரஸ்தான் என்று யாரும் வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். டைஃபாய்டிலும் குறையும், அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். உங்கள் பையனுக்கு டெங்கு என்று சோதனையில் உறுதியானதால்தான் அவர்கள் தைரியமாக மறுக்க முடிந்தது.

தாளைப் படிக்கும்போது டோட்டல் கவுண்ட்டோடு நிறுத்தாமல், அதை வகைச் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள். நான்காம் நாள் 2,600இல் நியூட்ரோபில் 38 சதவீதம் என்றால் ஏறக்குறைய 990. வழக்கமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போய்ப் பல நாள் அப்படியே இருந்தால்தான் பாக்டீரியாத் தொற்றின் ஆபத்து கடுமையாகும். உங்கள் பையன் அந்த எல்லைக்குப் போகவில்லை, நாள்கணக்கில் கீழேயே கிடக்கவும் இல்லை. இப்போது 6,400இல் லிம்ஃபோசைட் 50 சதவீதம் என்றால் 3,200. பெரியவர்களுக்கே 4,000 வரை சரி என்கிறோம். பல ஆய்வகங்களில் குழந்தைக்கும் பெரியவர்களின் வரம்பையே தாளில் அச்சடித்துவிடுகிறார்கள், அதைத் தாண்டினால் கணினி தடித்த எழுத்தில் போட்டுவிடும். நான்கைந்து வயது வரை பிள்ளைகளுக்கு நியூட்ரோபிலைவிட லிம்ஃபோசைட்தான் அதிகம் இருக்கும், அதன் பிறகு மெல்ல மெல்ல மாறும். 'ரியாக்டிவ் லிம்ஃபோசைட்' என்பது வைரஸை எதிர்த்துப் பெருகி, உருவம் பெருத்த லிம்ஃபோசைட். உங்களைப் பயமுறுத்திய அந்த வரிதான் உங்கள் பையனின் உடம்பு ஒழுங்காக வேலை பார்த்ததற்குச் சான்று.

ரத்தப் புற்றுநோயை நாங்கள் சந்தேகிக்கும் நிலைமை வேறு. காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும், பிள்ளை வெளிறிப்போகும், அடிபடாமலே உடம்பில் கன்றிய தடங்கள் தெரியும், எலும்பு வலியில் ராத்திரி எழுந்து அழும், கழுத்திலும் அக்குளிலும் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகும். ரத்தத்தில் சிவப்பணு, தட்டணு, வெள்ளையணு மூன்றும் குலைந்திருக்கும், 'பிளாஸ்ட்' என்ற முதிராத அணுக்கள் தெரியும். அப்படி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையை இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குணப்படுத்த முடிகிறது. இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டதுமே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள், பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பவுடர், டானிக் விஷயம். ஏற்கெனவே தானாக ஏறிவிட்ட எண்ணை ஏற்றுவதற்குக் காசு கொடுக்கப் போகிறீர்களா? பி12, ஃபோலிக் அமிலம், புரதம் இவை உண்மையிலேயே குறைந்தால் வெள்ளையணு உற்பத்தி குறையும். அதற்கு முட்டை, பால், பருப்பு, கீரை, மீன் போதும். நான்கு நாள் சாப்பிடாமல் மெலிந்த பிள்ளைக்கு இவற்றை இப்போது நன்றாகக் கொடுங்கள். டப்பாவில் வரும் பவுடர் இவற்றுக்கு மேல் எதையும் செய்துவிடாது. பப்பாளி இலைச் சாற்றைப் பலர் கேட்கிறார்கள். காய்ச்சல் நேரத்தில் கசப்பில் குமட்டி, பிள்ளை குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தால் நஷ்டம் பெரிது. டெங்குவில் பிள்ளையைக் காப்பாற்றுவது உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது.

மறுபடி டெங்கு வந்தால் தாங்குவானா என்று கேட்டீர்கள். இதுதான் நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி. டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்துபோன வகை இவனுக்குத் திரும்ப வராது, அதை லிம்ஃபோசைட் நினைவில் வைத்திருக்கும். ஆனால் வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் புரதம் அதன்மீது அரைகுறையாக ஒட்டி, வைரஸ் வெள்ளையணுவுக்குள் நுழைவதை எளிதாக்கிவிடக்கூடும். 1960களில் பாங்காக்கில் குழந்தைகளைக் கவனித்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர், கடுமையான டெங்கு இரண்டாம் முறை வருகிறவர்களிடம் அதிகம் இருப்பதை எடுத்துக்காட்டினார். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். இருந்தாலும் இவனுக்கு அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும், முன்பு டெங்கு வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. காய்ச்சல் விட்டதும் நாமெல்லாம் மூச்சு விடுகிறோம், டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கவுண்ட் பார்க்க ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டைச் சுற்றி நல்ல தண்ணீர் தேங்கும் இடங்களை வாரம் ஒரு முறை கொட்டிக் கழுவுங்கள். தொட்டி, டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாம் அதில் சேரும். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதனால் பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புவதும் உதவும்.

பையன் சாப்பிடுகிறான், விளையாடுகிறான் என்றால் இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டாம். இரண்டு தாள்களையும் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது ஆனதும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியை, டெங்கு வந்த உடம்பு என்று நினைத்துத் தள்ளிப்போடாமல் உரிய நேரத்தில் போட்டுவிடுங்கள்.